எட்டாம் இடம் என்றால் என்ன பொருள்? ஐஸ் ஹாக்கி அணிகளின் இளம் வீரர் பட்டியலைப் படிக்கும் முறை

டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் வளரும் என் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வீடியோ அழைப்பில் வருவான். அங்கே சனிக்கிழமை இரவு ஆட்டம் அப்போதுதான் முடிந்திருக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் நான் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவன் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பான். சென்ற மாதம் அவன் கேட்ட கேள்வி இது: "மாமா, எனக்குப் பிடிச்ச பையனை இளம் வீரர் பட்டியல்ல எட்டாவதா போட்டிருக்காங்க. அப்போ அவன் தேறமாட்டான்னுதானே அர்த்தம்?"

அவனுக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்கத் தொடங்கியபோது, அவன் மட்டுமல்ல, இந்த விளையாட்டைப் பின்தொடரும் பெரும்பாலோர் இந்தப் பட்டியல்களைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் போலவே படிக்கிறார்கள் என்பது புரிந்தது. முதலிடம் பெற்றவன் கெட்டிக்காரன், எட்டாம் இடத்தில் இருப்பவன் சுமார் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பட்டியல் சொல்ல வருவது அதுவல்ல. இன்று யார் நன்றாக ஆடுகிறார்கள் என்பதை அது அளப்பதே இல்லை.

ஹாக்கி என்றவுடன் ஐ.சி.எஃப். மைதானமும் எழும்பூர் அரங்கமும் நினைவுக்கு வரும் நம்மவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கே பேசப்படுவது பனித்தளத்தில் சறுக்குக் காலணியுடன் ஆடும் ஐஸ் ஹாக்கி. பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டு. ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு ஐந்து ஆட்டக்காரர்களும் ஒரு கோல்கீப்பரும் களத்தில் இருப்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 அணிகள் மோதும் என்.எச்.எல். தான் இதன் உச்ச லீக்.

கரைக்கு வந்த மீனும் கடலில் இருக்கும் மீனும்

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் நிற்பவர் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். கண் பளபளக்கிறதா என்று பார்ப்பார். விரலால் அழுத்தி, விழுந்த குழி மீள்கிறதா என்று பார்ப்பார். மீன் கண் முன்னால் கிடக்கிறது, அதற்கேற்ற விலை சொல்லப்படுகிறது. இன்னொரு வகை வியாபாரியும் உண்டு. படகு புறப்படும் முன்பே டீசலுக்கும் ஐஸுக்கும் ஆள்செலவுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு, வரப்போகும் மீன்பாட்டை வாங்கும் உரிமையைப் பெற்றுக்கொள்பவர் அவர். அவர் பார்ப்பது மீனை அல்ல. படகு யாருடையது, ஓட்டுபவருக்கு எந்த ஆழம் பழக்கம், இது எந்தப் பருவம், இதே படகு முன்பு எப்படி வந்தது என்பவற்றைப் பார்த்து, இன்னும் பிடிபடாத மீனுக்கு ஒரு மதிப்புப் போடுகிறார்.

இளம் வீரர் பட்டியல் இந்த இரண்டாவது வியாபாரியின் கணக்கைச் சேர்ந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் இருக்கும் ஒருவர் இருபத்தைந்தாம் வயதில் என்.எச்.எல். அணிக்கு எவ்வளவு பயன்படுவார் என்ற ஊகத்தின் வரிசை அது. இன்றைய ஆட்டம் அந்த ஊகத்துக்கான சான்றுகளில் ஒன்றுதான்.

பட்டியலில் இடம்பெறுபவர் யார்?

'ப்ராஸ்பெக்ட்' என்று அங்கே சொல்வது, ஒரு அணி உரிமை வைத்திருக்கும், ஆனால் அதன் முதன்மை அணியில் இன்னும் நிலையாக இடம்பெறாத இளம் வீரரை. இந்த உரிமை பெரும்பாலும் 'டிராஃப்ட்' வழியாகவே கிடைக்கிறது. டிராஃப்ட் என்பது அணிகள் ஆண்டுக்கொருமுறை முறைவைத்துப் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. முந்தைய பருவத்தில் கடைசியில் முடித்த அணிகளுக்கு முன்னுரிமை உண்டு. முதல் இடங்களுக்கு மட்டும் குலுக்கல் நடக்கும். ஏழு சுற்றுகள், 32 அணிகள், ஆக ஏறத்தாழ 224 பேர். ஐ.பி.எல். ஏலத்தைப் போலப் பணம் கொட்டி ஆளைத் தூக்க முடியாது. உங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட பையன்களில் மிகச் சிலரே அந்த ஆண்டே என்.எச்.எல்.லில் ஆடுவார்கள். மற்றவர்கள் கனடாவின் ஜூனியர் லீக்குகளிலோ, அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளிலோ, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா போன்ற நாடுகளின் லீக்குகளிலோ, என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எச்.எல். என்ற தொழில்முறை லீக்கிலோ வளர்வார்கள். பட்டியல் போடுபவரின் முதல் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே அணிக்குச் சொந்தமான பத்துப் பேர் பத்து வெவ்வேறு களங்களில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருவர் எப்போது 'ப்ராஸ்பெக்ட்' என்ற நிலையைத் தாண்டுகிறார் என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் விதி மாறும். சிலர் வயதை வைத்துக் கோடு கிழிப்பார்கள், சிலர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையை வைத்து. சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பைக்குத் தனி விதி. 1990இல் ரஷ்ய வீரர் செர்கே மக்காரோவ் தமது 31ஆம் வயதில் 'புதுமுகம்' என்று அந்தக் கோப்பையை வாங்கிச் சென்ற பிறகுதான் அதற்கு வயது வரம்பே வந்தது. ஆகவே ஒரு பட்டியலைப் படிக்கும் முன், அதைப் போட்டவர் யார் யாரையெல்லாம் சேர்த்திருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: இளம் வீரர் பட்டியல் எதிர்கால மதிப்பின் ஊகம். அதில் இருப்பவர்கள் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு தரமுள்ள லீக்குகளில் ஆடுபவர்கள்.

புள்ளிகளை அப்படியே படிக்கக்கூடாது

ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி; அதற்கு உதவியவர்களுக்கும், அதிகபட்சம் இரண்டு பேருக்கு, ஆளுக்கொரு புள்ளி. இந்தப் புள்ளிக்கணக்குதான் ரசிகர்கள் கையில் எளிதாகக் கிடைப்பது. தவறாகப் படிக்கப்படுவதும் இதுவே.

வியாசர்பாடியில் சந்துக்குள் ஐந்து பேர் அணியாக ஆடும் ஆட்டத்தில் ஒரு பையன் ஒரே மாலையில் ஆறு கோல் போடலாம். அதே பையன் முழு மைதானத்தில், வயதில் மூத்தவர்கள் ஆடும் லீக் ஆட்டத்தில் ஒரு கோல் போட்டால், அந்த ஒன்று முந்தைய ஆறை விடக் கனமானது. இதைக் கண்ணால் பார்ப்பவருக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் காகிதத்தில் ஆறு ஆறாகவும் ஒன்று ஒன்றாகவுமே தெரியும்.

இந்தக் குழப்பத்தைக் களையப் பயன்படும் கருவியை 'நிகர் மதிப்பு' என்று வைத்துக்கொள்வோம். அதன் தர்க்கம் எளிது. ஒரு லீக்கிலிருந்து என்.எச்.எல்.லுக்குப் போன பலரை எடுத்துக்கொண்டு, அங்கே அவர்கள் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி எடுத்தார்கள், இங்கே வந்த பிறகு எத்தனை எடுத்தார்கள் என்று ஒப்பிட வேண்டும். அந்த விகிதமே அந்த லீக்கின் பெருக்கெண். ரஷ்யாவின் உச்ச லீக்குக்குப் பெருக்கெண் அதிகம், சுவீடனின் உச்ச லீக்குக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, கனடா ஜூனியர் லீக்குகளுக்கு இன்னும் வெகு குறைவு. கணக்கிடுபவரைப் பொறுத்தும் ஆண்டைப் பொறுத்தும் இது மாறும்.

மூன்று கற்பனை வீரர்களை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெருக்கெண்களையும் எளிமைக்காக முழுமையாக்கியே எடுத்துக்கொள்கிறேன். முதலாமவன் கனடா ஜூனியர் லீக்கில் 68 ஆட்டங்களில் 85 புள்ளி எடுத்த 17 வயதுப் பையன். ஓர் ஆட்டத்துக்கு 1.25 வருகிறது. பெருக்கெண் 0.3 என்றால் 0.375, 82 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 31 புள்ளி. இரண்டாமவன் சுவீடனின் உச்ச லீக்கில், முப்பது வயதுக்காரர்களுக்கு நடுவே, 40 ஆட்டங்களில் 14 புள்ளி எடுத்த 18 வயதுப் பையன். ஓர் ஆட்டத்துக்கு 0.35, பெருக்கெண் 0.55 என்றால் பருவத்துக்கு 16 புள்ளி. மூன்றாமவன் ஏ.எச்.எல்.லில் 60 ஆட்டங்களில் 48 புள்ளி எடுத்த 22 வயதுக்காரன். ஓர் ஆட்டத்துக்கு 0.8; பெருக்கெண் 0.4 என்றால் 26 புள்ளி.

85, 14, 48 என்று மலைக்கும் மடுவுக்குமாகத் தெரிந்த எண்கள் 31, 16, 26 என்று நெருங்கிவிட்டன. இத்துடன் நிறுத்திவிட்டால் அதுவும் பிழையே. மூன்றாமவனுக்கு 22 வயது. அவன் வளர்ச்சியின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. முதலாமவனுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. இரண்டாமவன் நிலைமை வேறு. பெரியவர்கள் அணியில் 18 வயதுப் பையனுக்கு ஓர் ஆட்டத்தில் எட்டு, ஒன்பது நிமிடங்களே களத்தில் நிற்கக் கிடைக்கலாம். எதிரணியில் ஓர் ஆள் தண்டனை பெற்று வெளியே இருக்கும் பொன்னான நேரத்தில் அவனை இறக்கவே மாட்டார்கள். முதலாமவனோ தன் அணியின் நட்சத்திரம்; அந்த நேரம் முழுவதும் அவனுக்குத்தான். நிமிடக் கணக்கைக் கேட்காமல் புள்ளிக் கணக்கைப் பேசுபவரிடம் நான் இப்போது வாதம் செய்வதில்லை.

தடுப்பாட்டக்காரர்களுக்கு இந்தக் கருவி இன்னும் அரைகுறை. எதிரணியின் தாக்குதலைத் தன் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலேயே முறித்துவிட்டு, பக்கைப் பதற்றமில்லாமல் முன்னால் அனுப்பும் ஒருவரின் உழைப்புக்குப் புள்ளிப் பட்டியலில் இடமே இல்லை.

சுருக்கமாக: புள்ளியை லீக்கின் தரத்தாலும், வயதாலும், களத்தில் கிடைத்த நேரத்தாலும் வடிகட்டிய பிறகே ஒருவரோடொருவரை ஒப்பிடலாம்.

இரண்டு நாள் வித்தியாசம்

வயது என்றால் ஆண்டு மட்டுமல்ல, மாதமும் நாளும் கூட. என்.எச்.எல். டிராஃப்டில் பங்கேற்க, அந்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதிக்குள் 18 வயது நிரம்ப வேண்டும். ஆஸ்டன் மாத்யூஸ் 1997 செப்டம்பர் 17இல் பிறந்தவர். இரண்டே நாள் வித்தியாசத்தில் 2015 டிராஃப்டைத் தவறவிட்டார். ஓராண்டு சுவிட்சர்லாந்தில் பெரியவர்களோடு ஆடிவிட்டு, 2016இல் முதல் ஆளாக டொராண்டோவால் எடுக்கப்பட்டு, தமது முதல் என்.எச்.எல். ஆட்டத்திலேயே நான்கு கோல் அடித்தார். (என் அக்கா மகன் இந்தக் கதையைச் சொல்லாத ஞாயிறு இல்லை.)

அதே டிராஃப்டில் நிற்கும் இரு பையன்களுக்கு இடையே ஏறத்தாழ ஓராண்டு வித்தியாசம் இருக்கக்கூடும் என்பதே இதில் கவனிக்கவேண்டியது. பதினேழு வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் தோள்பலத்திலும் பெரிய இடைவெளி. கனடாவில் சிறுவர் அணிகளுக்கான வயதுக் கோடு ஜனவரி 1. ஆகையால் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் சிறுவயதிலேயே பெரிய ஆளாகத் தெரிந்து, நல்ல அணிகளில் அதிகம் இடம்பிடிப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 2013இல் வந்த ஓர் ஆய்வு அதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஆண்டின் பிற்பகுதியில் பிறந்து டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்கள், எடுக்கப்பட்ட இடத்துக்கு எதிர்பார்த்ததை விட நன்றாக ஆடியிருந்தார்கள். அவர்களைத் தேர்வாளர்கள் குறைத்து எடைபோட்டிருந்தார்கள் என்றுதானே அதற்குப் பொருள்?

டிசம்பரில் பிறந்த நான் எட்டாம் வகுப்பில் பள்ளிக் கால்பந்து அணித் தேர்வில் நின்றபோது, பயிற்சியாளர் எங்களை உயர வரிசையில் நிறுத்தி, வரிசையின் கடைசியிலிருந்து ஆறு பேரை வீட்டுக்குப் போகச் சொன்னார். பந்தை யாரும் தொடக்கூட இல்லை. ஆய்வு முடிவைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

கண்ணுக்குத் தெரிவது

எண்களால் பிடிக்க முடியாததைப் பிடிப்பதற்கென்றே 'ஸ்கவுட்' எனப்படும் தேடுநர்களை அணிகள் ஊர் ஊராக அனுப்புகின்றன. சறுக்கும் வேகம், நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று தள்ளலில் எடுக்கும் உந்துதல், பக்கைக் கட்டுப்படுத்தும் கைநயம், அடியின் வலுவும் விரைவும் ஆகியவை அவர்கள் பார்க்கும் வெளிப்படையான திறன்கள். இவற்றுக்கு மேலாக 'ஆட்ட அறிவு' என்ற ஒன்றைச் சொல்வார்கள். கேட்பதற்கு வழவழவென்று இருக்கும் இந்தச் சொல்லை விளக்க எனக்குக் கேரம் பலகைதான் உதவுகிறது.

2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவைத் தந்த புது வண்ணாரப்பேட்டைப் பக்கம் கேரம் மன்றங்களுக்குக் குறைவில்லை. எங்கள் தெரு மன்றத்தில் இரண்டு சிறுவர்களைச் சில மாதங்களாகப் பார்த்துவருகிறேன். ஒருவன் அடித்தால் காய் சத்தத்தோடு குழியில் விழும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். மற்றவன் அடி மெதுவானது. ஆனால் ஸ்ட்ரைக்கரை வைப்பதற்கு முன் அவன் கண் அடிக்கப்போகும் காயில் இருக்காது. அதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும் இன்னொரு காயில் இருக்கும். முதல் காய் விழும்போதே ஒட்டிக்கிடந்தது லேசாக விலகி, அடுத்த அடிக்கு வழி திறந்துவிடும். அன்றொரு நாள் சிவப்பைப் போடுவதற்கு முன்பே ஃபாலோ போடவேண்டிய காயைக் குழி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பேசாமல் கையை எடுத்துக்கொண்டான். கைதட்டல் எதுவும் இல்லை.

ஐஸ் ஹாக்கியில் இதற்கு நிகரான ஓர் அடையாளம் உண்டு. பக் தன்னிடம் வந்துசேரும் முன்பே ஒரு வீரன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா என்று நல்ல தேடுநர்கள் கவனிப்பார்கள். பார்த்துவிட்டவனுக்குப் பக் கைக்கு வரும்போது அடுத்த முடிவு தயாராக இருக்கும். பார்க்காதவன் வாங்கிய பிறகு யோசிப்பான். ஜூனியர் லீக்கில் அதற்கு நேரம் கிடைக்கும், என்.எச்.எல்.லில் கிடைக்காது. வேகத்தையும் வலுவையும் வைத்து ஜூனியர் லீக்கை ஆட்டிப்படைத்த சிலர் மேலே போனதும் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கண்ணும் ஏமாறும் என்பதையும் சொல்லவேண்டும். தேடுநர் ஒரு பையனைப் பார்த்த இரண்டு இரவுகளில் அவனுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். அதனால்தான் எண்ணையும் கண்ணையும் ஒன்றையொன்று சரிபார்க்க வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் முரண்பட்டால், நல்ல அணி மூன்றாவது ஆளை அனுப்பும்.

உச்சமும் அடித்தளமும்

இப்போது பட்டியலின் உள் இயக்கத்துக்கு வருவோம். ஒவ்வோர் இளம் வீரருக்கும் இரண்டு ஊகங்கள் போடப்படுகின்றன. எல்லாம் நன்றாக அமைந்தால் அவர் எட்டக்கூடிய நிலை 'உச்சம்'. எதிர்பார்த்தபடி வளராவிட்டாலும் அவர் நிற்கக்கூடிய நிலை 'அடித்தளம்'. இவற்றுக்கு நடுவே, உச்சத்தை எட்டுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது மூன்றாவது ஊகம்.

சிறிய உடல்வாகும் மின்னல் கைகளும் கொண்ட தாக்குதல்காரருக்கு உச்சம் உயரம், அடித்தளம் பள்ளம். (தாக்குதல்காரர்கள் மூவர் மூவராக நான்கு வரிசைகளில் மாறி மாறி இறங்குவார்கள்; சிறந்தவர்கள் முதல் வரிசையில்.) முதல் வரிசையில் ஆடினால் ஆட்டம், இல்லாவிட்டால் ஐரோப்பாவுக்கு விமானம். தவறு செய்யாத, பெரிதாக மின்னவும் செய்யாத நடுக்கள வீரருக்கு உச்சமும் அடித்தளமும் பக்கத்துப் பக்கத்து வீடு; நான்காம் வரிசையில் பத்தாண்டு ஓட்டிவிடுவார். இவர்களில் யாரை மேலே போடுவது? இதற்குச் சரியான விடை இல்லை. பட்டியல் போடுபவரின் மனப்போக்கே விடை. உச்சத்தை விரும்புபவரின் பட்டியலில் முதலாமவர் மூன்றாம் இடத்திலும், உறுதியை விரும்புபவரின் பட்டியலில் ஒன்பதாம் இடத்திலும் இருப்பார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே பையனைத்தான். அவனைப் பற்றிய அவர்கள் மதிப்பீடும் ஏறக்குறைய ஒன்றே. என் கருத்தைக் கேட்டால், நான்காம் வரிசை ஆட்களை மற்ற அணிகளிடமிருந்து மலிவாக வாங்கிக்கொள்ளலாம், முதல் வரிசை ஆட்களை வாங்க முடியாது. ஆகையால் உச்சத்துக்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

ஊகம் பொய்ப்பது அரிதல்ல. 1999 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பேட்ரிக் ஸ்டெஃபான் பெரிதாகச் சோபிக்கவில்லை. அதே டிராஃப்டில் 210ஆவதாக எடுக்கப்பட்ட ஹென்ரிக் செட்டர்பெர்க் என்.எச்.எல். சாம்பியனைத் தீர்மானிக்கும் 2008 ஸ்டான்லி கோப்பைப் போட்டிகளின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2011இல் 58ஆவதாகப் போன நிகிதா குச்செரோவ் 2018-19 பருவத்தில் 128 புள்ளி எடுத்தார். இவற்றைக் காட்டி "பட்டியல் எல்லாம் வீண்" என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. மொத்தமாகப் பார்த்தால் முதல் பத்து இடங்களில் போனவர்கள் கடைசிச் சுற்றுகளில் போனவர்களை விட மிக அதிகமாகத் தேறியிருக்கிறார்கள். விதிவிலக்குகள் நினைவில் நிற்பதற்குக் காரணமே அவை விதிவிலக்குகள் என்பதுதான்.

கோல்கீப்பர்களைத் தனியாக வைத்துவிட வேண்டும். அவர்கள் தேறுவது தாமதம். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில்தான் உருவம் தெரியும். ஹென்ரிக் லுண்ட்குவிஸ்ட் 2000இல் 205ஆவதாக எடுக்கப்பட்டு, 2005இல்தான் நியூயார்க் ரேஞ்சர்ஸ் வலைக்கு முன் நின்றார். 2012இல் லீக்கின் சிறந்த கோல்கீப்பரானார். பட்டியலில் ஒரு கோல்கீப்பர் ஏழாவது இடத்தில் இருந்தால், அந்த ஏழு மற்றவர்களின் ஏழைவிட மங்கலானது.

எண்ணைப் பார்க்காதீர்கள், அடுக்கைப் பாருங்கள்

ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதும்போது படிகள் சம உயரமாகத் தோன்றுகின்றன. உண்மையில் ஓர் அணியின் முதலாம் வீரருக்கும் இரண்டாம் வீரருக்கும் நடுவே கடல் இருக்கலாம். ஐந்தாம் வீரரிலிருந்து பதினொன்றாம் வீரர் வரை ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். தரத்தில் ஏறக்குறைய சமமானவர்களைச் சேர்த்துப் பார்க்கும் தொகுதிக்கு 'அடுக்கு' என்று பெயர். பொறுப்பான பட்டியல்காரர் அடுக்குகளைப் பிரித்துக் காட்டுவார். ஐந்து முதல் பதினொன்று வரை ஒரே அடுக்கு என்றால், எட்டு என்ற எண் அந்த ஏழு பேரில் ஒருவர் என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை.

அணிக்கு அணியும் இதே கதைதான். பல ஆண்டுகளாகத் தோற்று, டிராஃப்டில் முன்வரிசையில் நின்று ஆள் சேர்த்த அணியின் எட்டாமவர், கோப்பைக்காகத் தன் டிராஃப்ட் வாய்ப்புகளை விற்றுத் தின்ற அணியில் இரண்டாமவராக இருக்கக்கூடும். வகுப்பில் எத்தனையாவது ரேங்க் என்று கேட்பவர், எந்தப் பள்ளி என்பதையும் கேட்க வேண்டாமா?

ஆடாமலே ஏறுவது

போன ஞாயிறு அக்கா மகன் மறுபடியும் அழைப்பில் வந்தான், முகமெல்லாம் பல்லாக. அவனுடைய பையன் புதிய பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கு ஏறிவிட்டானாம். பழைய பட்டியலையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொன்னேன். மேலே இருந்த இருவர் முதன்மை அணிக்குப் போய்விட்டதால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். ஒருவரை வேறு அணிக்குக் கொடுத்து அனுபவசாலி ஒருவரை வாங்கியிருந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற மூன்று பேர் பையோடு வீட்டுக்குப் போனால் நாம் மூன்று அடி முன்னால் வருவது போலத்தான் இதுவும். பையன் அந்த இடைவெளியில் கணுக்கால் காயத்தோடு படுத்திருந்தான். ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

"அப்போ அவன் எந்த அடுக்குல இருக்கான் மாமா?" என்று கேட்டான். அதே அடுக்கில்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவனுக்கு ஓர் ஆட்டத்தில் எத்தனை நிமிடம் கிடைத்துவந்தது என்று தேடப் போய்விட்டான்.